வெள்ளை ஜீன்ஸ் கொண்ட படலம்

காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னலோர மேசையில், நாள்தோறும் நாற்பது விண்ணப்பங்களை வெட்டி வீழ்த்தும் எழுத்தர் குலத் திலகத்தை, வேலைக்கு நடுவே கடல்கடந்த நகரங்களைக் கனாக் காண்பவளை, அந்நகரப் பெண்களைப் போல் இடைமுதல் கணுக்கால்வரை வெண்மை உடுத்த ஆசைப்பட்டவளை வணங்கித் தொடங்குகிறோம்!

அவள்மேல் ஒரு பழி இருந்தது. சென்ற ஆண்டு விழாவில் வெள்ளைக் கால்சட்டையில் மேடையேறிப் பரிசு வாங்கியவள் அவைக்கு முதுகு காட்டித் திரும்பிய அந்தக் கணத்தில், விளக்குகளின் வெள்ளத்தில், உள்ளாடையின் ரோஜாக்கள் அத்தனையும் ஒருசேர மலர்ந்தன. மறுநாளிலிருந்து அவள் பெயர் 'பூந்தோட்டம்'. ஓராண்டு பொறுத்தாள். பிறகு சாப்பாட்டு அறையில், பதினொரு பேர் முன்னிலையில், தயிர் டப்பாவை ஓங்கி வைத்துச் சபதமிட்டாள்:

"வெள்ளிக்கிழமை வெள்ளை ஜீன்ஸ்ல வர்றேன். ஒரு பூ தெரிஞ்சாலும், ரிட்டயர் ஆகுறவரைக்கும் அப்படியே கூப்பிடுங்க!"

சபதம் செய்தவள் வெறுங்கையோடு கிளம்பவில்லை. அதே ரோஜா உள்ளாடையை உரைகல்லாக அணிந்து, அண்ணியைச் சாரதியாக்கி, புழுதி பறக்க ஸ்கூட்டரில் கடைவீதி புகுந்தாள்.

முதல் ஜீன்ஸ் பனியினும் மெல்லியது. பனி மறைக்கும் அளவுகூட மறைக்கவில்லை.

"இலையைக்கூட எண்ணலாம்டி!" என்று கடை அதிரப் பிரகடனம் செய்தாள் அண்ணி.

இரண்டாவது ரோஜாக்களை மறைத்தது. ஆனால் பைகளின் உட்துணி இரண்டும் தொடைமேல் வௌவால்களாய்த் தொங்கித் தெரிந்தன. மூன்றாவதும் நான்காவதும், உள்ளே நுழைத்த கையின் ஐவிரல்களையும் மோதிரக் கல்லையும் கூசாமல் காட்டிக்கொடுத்து, துரோகிகளின் குவியலில் வீழ்ந்தன.

"வெள்ளைன்னா கொஞ்சம் அப்படித்தான் மேடம் இருக்கும். மேல நீளமா டாப்ஸ் போட்டுக்கோங்க," என்றாள் விற்பனைப் பெண்.

சமாதானத் தூது! மானமுள்ள சேனை அதை ஏற்குமோ?

அப்போதுதான் அடித்தட்டின் இருளிலிருந்து, கோட்டைச் சுவரெனத் தடித்து, ஐந்தாவது வெளிப்பட்டது. மூச்சடக்கி, வயிறொடுக்கி, ஒற்றைக்காலில் தவமிருந்து அதனுள் புகுந்தாள். உடைமாற்றும் அறையின் மங்கல் விளக்கை நம்பாமல், வெயிலின் தீர்ப்பை நாடி வாசல் தாண்டினாள். எச்சரிக்கை மணி அலறியது. காவலாளி குறுக்கே பாய்ந்தார்.

"பில் போடாம வெளிய போகக்கூடாதும்மா!"

"நான் இங்கயே நிக்கிறேண்ணே. வெயில்ல ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுவா," என்று பிணையாய் நின்றாள் அண்ணி.

அறமறிந்த அவர் முகத்தை அடுத்த கடைப்பக்கம் திருப்பிக்கொண்டார். நண்பகற் கதிரவன் ஆயிரம் வேல்களை எறிந்தான், ஒன்றும் துளைக்கவில்லை. ஓர் இதழ், ஒரு காம்பு, ஒரு முள்கூடத் தெரியவில்லை.

"ஒண்ணும் தெரியலடி! சத்தியமா ஒண்ணுமே தெரியல!" என்ற அண்ணியின் முழக்கத்தில் கடைவீதியே திரும்பிப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வெண்கொடியென அவள் நுழைய, பதினொரு சாட்சிகளும் ஜன்னல் வெளிச்சத்தில் நாற்றிசையும் சுற்றிவந்து ஆராய்ந்து, நாக்கைக் கடித்து, பழம்பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்ள, பழி தீர்ந்த பெருமிதத்தோடு, வாகை சூடிய வேந்தன் அரியணையை அணுகுவதுபோல் அவள் தன் சுழல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள்.

ஜீன்ஸ் முழங்காலில் மடங்காததால் சாயங்காலம்வரை நின்றுகொண்டே வேலை பார்த்தாள்.