ஜெராக்ஸ் அங்கிளின் அப்பா

வெஸ்ட் வின்ட்சரில் கடவுளை நம்பாதவர்கள் சிலர் உண்டு. மனிதர்களை நம்பாதவர்கள் ஏராளம். காகிதத்தை மட்டுமே நம்பியவர் ஜெராக்ஸ் அங்கிள் ஒருவர்தான்.

தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக ஆயுளைக் கழித்துவிட்டு, மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவர். எதற்கும் மூன்று காப்பி எடுப்பார். கறிவேப்பிலை வாங்கிய ரசீதுக்குக்கூட. எங்கள் கிரகப்பிரவேசப் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீல் இல்லியே தம்பி" என்றவர். ஐம்பதைத் தொட்ட என்னைத் தம்பி என்று அழைக்க அமெரிக்காவில் வேறு ஆள் இல்லை. அந்தச் சபலத்தில் அவருக்குச் சம்பளமில்லாத டிரைவரானேன்.

"பேப்பர்ல இல்லாதது உலகத்துலயே இல்ல" என்பது அவர் வேதம்.

அவர் தேடியது தன் அப்பாவை. அங்கிள் கைக்குழந்தையாக இருந்தபோது கப்பலில் சமையல்காரராகப் போனவர். 'அமெரிக்காவில் குடியுரிமை வாங்கிவிட்டேன்' என்று ஒரே ஒரு கடிதம் போட்டார், அதோடு சரி. "உனக்கு ஏதுடா அப்பன்?" என்று ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது.

"குடியுரிமை மனுவுல புள்ளைங்க பேர் எழுதணும் தம்பி. என் பேர் இருக்கும். அந்த ஒரு வரி போதும் எனக்கு."

ஆவணக் காப்பகமோ, அப்படி ஒரு ஆளே இல்லை என்று இரண்டு முறை பதில் போட்டது. ஃபோன் பண்ணினோம். அப்பாவின் லாஸ்ட் நேம் என்ன என்று கேட்டாள் ஃபோனை எடுத்த பெண்.

"என் லாஸ்ட் நேமே அவர்தான் மேடம்!"

"அங்கிள், உங்க லாஸ்ட் நேம் உங்க அப்பா பேருன்னா, அவரோடது உங்க தாத்தா பேரா இருக்கணுமே? அதுல தேடச் சொல்லி அப்ளை பண்ணுவோம்" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே உருப்படியான யோசனை அது. அதற்காக இன்றுவரை வருந்துகிறேன்.

கவர் வந்தது. பிரிக்க மாட்டேன் என்றார். லைப்ரரிக்குப் போய், ஒட்டிய கவரையே முன்னும் பின்னும் மூன்று காப்பி எடுத்தார். பிறகுதான் பிரித்தார். உள்ளே அப்பாவின் குடியுரிமை மனுவின் நகல்.

மனைவி: இல்லை. குழந்தைகள்: இல்லை.

"எவனோ கிளார்க் தப்பா எழுதியிருப்பான் அங்கிள்."

அங்கிள், அப்பாவின் கையெழுத்தை ஒப்பிட ஊரிலிருந்து சுமந்து வந்த நிலப்பத்திரத்தைத் தன் ஃபைலிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே எழுத்து, கடைசியில் அதே வால். பிள்ளை என்று நிரூபிக்கக் கடல் தாண்டி வந்த சாட்சி, கட்சி மாறிவிட்டது.

வெகுநேரம் பார்த்தார்.

"நீட்டா எழுதியிருக்கார் தம்பி. ஒரு அடித்தல் திருத்தல் இல்ல." கண்ணாடியைக் கழற்றினார். "ரூல்படி பாத்தா, நான் இல்ல."

"காப்பி எடுக்கட்டுமா அங்கிள்?"

"வேணாம்."

முகம் கழுவப் போனார். ஆறுதல் சொல்வதில் எனக்குக் கைராசி கிடையாது. நான் ஆறுதல் சொன்ன இரண்டு பேர் அதன்பிறகு என்னோடு பேசுவதில்லை. அதனால் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அவர் பெயரை முழுசாக எழுதி, கீழே இப்படி எழுதினேன்: 'மேற்படி நபர் இருக்கிறார். பல வருடங்களாக நேரில் பார்த்து வருகிறேன்.' கையெழுத்துப் போட்டு, மூன்று காப்பி எடுத்து நீட்டினேன்.

ஈர முகத்தோடு இரண்டு தடவை படித்தார்.

"சீல் இல்லியே தம்பி."

சொல்லிவிட்டு, ஓரங்களைத் தட்டிச் சீராக்கி, மூன்றையும் தன் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார். சீல் இல்லாத காகிதம் அதற்குள் போனது அதுதான் முதல் தடவை.