ரோத்தான் சார் உறுமி கற்ற கதை

கிள்ளான் பள்ளத்தாக்கில் ரோத்தான் சாரைவிட மோசமாக உறுமி வாசிக்கிறவர் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும். அடித்துச் சொல்கிறேன். பக்கத்து அறையில் உட்கார்ந்து அதைக் கேட்ட பாவி நான்.

கிள்ளானில் நான் கணக்கு நடத்திய இடைநிலைப்பள்ளியில் அவர் கட்டொழுங்கு ஆசிரியர். கையில் எப்போதும் ரோத்தான், அதாவது பிரம்பு, இருக்கும், அதனால் அந்தப் பெயர். யாரையும் அடித்ததாக ஞாபகம் இல்லை. பெரும்பாலும் முதுகு சொறியத்தான் அது உதவியது.

பையன்கள் கழிவறையில் வேப் என்கிற மின்சிகரெட் இழுப்பது அப்போது பெரிய தலைவலி. அதில் போதைமருந்து கலந்து விற்கிறார்கள் என்று வேறு கேள்விப்பட்டோம். அவசரமாகப் போதை ஒழிப்பு ஓவியப் போட்டி வைத்தோம். வந்த படம் அத்தனையிலும் மண்டை ஓடு.

"நல்லாத்தான் வரையிறானுங்க டீச்சர். வரைஞ்சு முடிச்சிட்டு நேரா டாய்லெட்டுக்குப் போறானுங்க," என்றார் சார்.

நான்காம் படிவம் பிரகாஷ் இரண்டாவது தடவை பிடிபட்டான். இன்னொரு முறை சிக்கினால் பள்ளியை விட்டே நீக்கம் என்று முதல்வர் சொல்லிவிட்டார். கோயில் திருவிழாக்களில் பிரமாதமாக உறுமி வாசிக்கிற பையன். சார் யோசித்து ஒரு தண்டனை கொடுத்தார்: சாருக்கு வாசிக்க வருகிறவரை, தினமும் பள்ளி முடிந்ததும் அவன் அவருக்கு உறுமி சொல்லிக்கொடுக்க வேண்டும்.

முதல் நாளே பிரகாஷ் கெஞ்சினான். "சார், இதுக்கு நாலு ரோத்தான் போட்டு விட்டுடுங்க லா."

சார் தேய்க்க வேண்டிய பக்கத்தை அடித்தார், அடிக்க வேண்டிய பக்கத்தைத் தேய்த்தார். பிரேக் பிடிக்காத லோரி மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாமல் பிரகாஷ் நான்கு கூட்டாளிகளைத் துணைக்கு அழைத்துவந்தான். நால்வரும் கழிவறையின் நிரந்தர வாடிக்கையாளர்கள். சாரைத் திருத்துகிற வேலையில் அவர்களுக்கு வேறு எதற்கும் நேரமில்லாமல் போனது.

ஆசிரியர் தினத்தன்று சாருக்கும் ஐந்து பையன்களுக்கும் மேடையேற்றம். ஜிப்பா போட்டுக்கொண்டு சார் தயார். பிரகாஷைக் காணவில்லை. உறுமியைத் தோளில் மாட்டியபடியே சார் கழிவறைக்கு ஓட, நானும் பின்னால் ஓடி வாசலில் நின்றேன். உள்ளே பிரகாஷ், கையில் வேப். யாரோ கொடுத்திருக்கிறார்கள், இன்னும் இழுக்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

"பயமா இருக்கு சார். எல்லாரும் பார்ப்பாங்க."

"அத அப்பறம் பேசலாம். மொத அடி எந்தக் கைடா? மறந்து போச்சு."

பிரகாஷ் அவரையே பார்த்தான். "மூணு மாசமா சொல்லிக் கொடுக்கறேன் சார்."

வேப்பை அவர் ஜிப்பா பையில் போட்டான். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தான்.

மேடையில் சார் தாளம் தப்பினார், வேறென்ன. ஐந்து பையன்களும் கண்ணாலேயே பேசிக்கொண்டு, அவர் போன இடத்துக்கே தாளத்தைக் கொண்டுபோனார்கள். புது மாதிரி வாசிப்பு என்று நினைத்து முதல்வர் எழுந்து கைதட்டினார்.

"நெஜமாவே மறந்துட்டீங்களா சார்?" என்று பிறகு கேட்டேன்.

"தெரிஞ்சிருந்தாத்தானே டீச்சர் மறக்கறதுக்கு."

பிரகாஷ் இப்போது சொந்தமாக உறுமிக் குழு வைத்திருக்கிறான். போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாண ஊர்வலம். குழுவின் கடைசி வரிசையில், பணி ஓய்வு பெற்ற சார், வியர்த்து வழிய, தனிப்பாதையில் வாசித்துக்கொண்டிருந்தார்.

"இன்னுமா இவர வச்சிருக்கே?" என்றேன் பிரகாஷிடம்.

"தண்டனை இன்னும் முடியல டீச்சர். அவருக்கு வரவேயில்லையே."

வராமலே இருக்கட்டும் சாமி என்று அங்கேயே வேண்டிக்கொண்டேன்.