மாப்பிள்ளையை அட்மிட் செய்ய வந்தார்கள்

குடிக்காமலே குடிகாரன் என்று பெயரெடுப்பது சுலபமில்லை. எனக்கு அது ஒரே மணி நேரத்தில் முடிந்தது, அதுவும் நான்கு ஊர் டாக்டர்கள் முன்னிலையில்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். ஓரிக்கைப் பக்கம் ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் சமூகப் பணியாளர் வேலை. (சம்பந்தம் பேசும்போது 'ஆஸ்பத்திரி உத்தியோகம்' என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.) வேலூர், திருவண்ணாமலை, சித்தூர் மையங்களும் நாங்களும் சேர்ந்து ஓர் ஆய்வு தொடங்க நினைத்தோம். எந்தச் சிகிச்சை யாருக்குப் பலிக்கிறது, விட்டவர் ஏன் மறுபடி தொடுகிறார் என்று தெரிய வேண்டுமானால் நாலு ஊரிலும் ஒரே கேள்வித்தாள் வேண்டும். இருந்ததோ ஊருக்கு ஒன்று. யாரும் தன்னுடையதை விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் மையத்தில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. இரண்டாம் நாள் மாலைக்குள் முடிவாகாவிட்டால் அவரவர் பஸ் ஏறிவிடுவார்கள், ஆய்வும் அதோடு போய்விடும். அவர்களை ஒன்றுகூட்ட ஒரு வருடம் கடிதம் எழுதி, போன் செய்து, கெஞ்சியவன் நான்.

அதனால்தான் வாயைத் திறந்தேன். "ஒருத்தரை உட்கார வெச்சுக் கேட்டே பாத்துடலாம் டாக்டர். நானே பேஷண்டா நடிக்கிறேன்." (பள்ளி நாடகத்தில் நான் துவாரபாலகர். வசனமே கிடையாது. அந்த ஏக்கம் உள்ளேயே இருந்திருக்கிறது.)

வேலூர் டாக்டரம்மா கேள்வி கேட்க, நான் தறிக்காரனாக மாறினேன். கையை நடுங்கவிட்டேன். "காலையில ஒரு கட்டிங் போட்டாதாம்மா தறியில குந்தவே முடியுது. பொண்டாட்டிக்கு மட்டும் தெரியும். வெளிய சொல்லாம அழுதுக்கினு கெடக்குறா" என்று விம்மினேன். கண்ணீர்கூட வந்தது.

என் மாமனார் வீடு பிள்ளையார்பாளையத்தில். பட்டு நெய்கிற குடும்பம். விருந்தாளிகளுக்கென்று அவர்கள் செய்த கோயில் இட்லியை எடுத்துக்கொண்டு, மனைவியின் அண்ணன் ஏகாம்பரம் அந்நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறார். (தறி காதில் விழவில்லை; கட்டிங்கும் பொண்டாட்டியும் மட்டும் விழுந்திருக்கின்றன.) பாத்திரத்தை வராந்தாவில் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். சட்னியை மறந்திருப்பார் என்று நான் நினைத்தேன்.

முக்கால் மணி நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. மாமியார், மாமனார், ஏகாம்பரம், என் மனைவி கல்பனா. மாமியார் கையில் என் லுங்கி, சோப்பு, தட்டு, டம்ளர்.

"டாக்டரம்மா, இவர சேத்துக்கோங்க" என்றார்.

"அத்தே, நான் குடிக்கவே இல்ல!"

"பாத்தீங்களாம்மா? இப்டிதான் சொல்லுவாருன்னு ஏகாம்பரம் அப்பவே சொன்னான்."

வேலூர் டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அட்மிட் ஆகிற அத்தனை பேரும் சொல்லும் முதல் வாக்கியம் அது. கேட்கும்போதெல்லாம் நம்பாமல் தலையாட்டியவன் நான்தான்.

பிறகு சாட்சியங்கள் வந்தன. "ஒரு நாள் சட்டையில வாசன வந்துச்சு" என்று கல்பனா அழுதாள். (ஒரு நோயாளி என் தோளில் வாந்தி எடுத்த நாள் அது.) "தூக்கத்துல 'கடைசியா எப்ப குடிச்சீங்க'ன்னு கேக்கறாராம்" என்றார் ஏகாம்பரம். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசும் மாமனார், "தறியில இந்தப் பாவு நூல ஏத்துனதுலேர்ந்தே மாப்ள மொகம் சரியில்ல" என்றார்.

அதுவரை தன் கேள்வித்தாளை மார்போடு அணைத்திருந்த சித்தூர் டாக்டரம்மா, அதைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து மாமியாரிடம் கேட்டார்: "ட்ரீட்மெண்ட் முடிஞ்சு இவர் மறுபடி குடிச்சா?"

"மறுபடி இட்டாருவோம். வேற என்னா பண்றது? எங்க வூட்டு புள்ளையாச்சே."

"தறிய நிறுத்திட்டு நான் கூடவே இருந்துக்கறேம்மா" என்றார் மாமனார்.

பெண்ணைத் திரும்பக் கூட்டிப்போக வந்திருக்கிறார்கள் என்றுதான் நான் பயந்திருந்தேன். என்னைச் சேர்த்துவிட்டு என்னோடு தங்க வந்திருந்தார்கள். இந்த முறை நான் நடிக்காமலே அழுதேன்.

டாக்டர்கள் எல்லோரும் சேர்ந்து விளக்கியும் மாமியார் நம்பவில்லை. "ஊது" என்றார். மரியாதையெல்லாம் போய்விட்டது. நாலு ஊர் பார்க்க ஊதினேன். அப்புறம்தான் லுங்கி பைக்குள் போனது.

"நாம நாலு பேருமே குடிக்கறவரத்தான் கேக்கறோம். வீட்ட யாருமே கேக்கல" என்றார் சித்தூர் டாக்டரம்மா. அதற்குமேல் வாக்குவாதம் இல்லை. சட்னியில்லாத இட்லியைத் தின்றுகொண்டே, குடும்பத்தாரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதினோம். பாதி என் மாமியார் சொன்னவை. மாலையில் நால்வரும் கையெழுத்திட்டார்கள். இன்று நாலு ஊரிலும் அந்தத் தாள்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

மாமியார் இப்போது வாரம் ஒரு நாள் மையத்துக்கு வருகிறார். வெட்கப்பட்டு வாசலிலேயே நிற்கும் குடும்பங்களைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவருவார். "என்னாத்துக்கு வெக்கம்? எங்க மாப்ளயும் இங்கதான் இருக்கறாரு. இப்ப எப்டி இருக்கறாரு பாரு" என்று என்னைக் காட்டுவார். மறுத்தால், "பாத்தியா, இன்னும் ஒத்துக்க மாட்டேங்கறாரு" என்பார். அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்தும் விழுந்துவிடும். ஒரு சொட்டும் தொடாத நான்தான் எங்கள் மையத்தில் முழுக்கக் குணமான ஆள்.