சென்னப்பன் திருநாமப் போர்

வாழ்க பொம்மிடி! வாழ்க அதன் இருப்புப்பாதை! சேலம் நோக்கி விரையும் வண்டிகளெல்லாம் நின்று வணங்கத்தக்க வீராதி வீரன், தொந்தி தாங்கிய தோன்றல், வழுக்கை மிளிரும் வாகைவேந்தன் சென்னப்பனின் புகழைக் கேளீர்! அவன் வேறு யாருமல்லன், இதை எழுதும் அடியேனே. என்னைப் பாட எவரும் முன்வராததால் நானே பாடிக்கொள்ள வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!

அவ்வேந்தனின் மகன் அறிவழகனுக்கு ஆண்மகவு பிறந்தது. கைப்பேசி ஏந்திய காரிகையாம் மருமகள் பிரியங்கா, 'ரித்விக்' என்னும் நாமாஸ்திரத்தைத் தொடுத்தாள். யாகம் செய்பவன் என்று பொருளாம். ராகி விளைவிக்கும் குடும்பத்தில் யாருக்கடா யாகம் என்று கொதித்தெழுந்தான் நாயகன். பேரனுக்குத் தன் பெயரே வேண்டும்! ஏனெனில், அவன் தாய் கண்மூடிய நாள்முதல் அவ்வீட்டில் 'சென்னப்பா' என்று கூப்பிட ஓர் உயிர் இல்லை. மகனுக்கு அவன் அப்பா, மருமகளுக்கு மாமா, மனைவி குள்ளம்மாளுக்கு வெறும் 'ஏங்க'. தன் பெயர் வீட்டுக்குள் மறுபடி ஒலிப்பதை ஒருதரமாவது கேட்டுவிட வேண்டுமென்று அந்தக் கிழட்டு நெஞ்சு ஏங்கியது, பாவம்.

பேர் வைக்கும் நாளும் வந்தது. பந்தலின் நடுவே, வேட்டியை இறுக்கிக் கட்டி, தொண்டையைச் செருமி, இலை போடக் காத்திருந்த உறவினர் அனைவரையும் காக்கவைத்து அவன் முழங்கினான்:

"கேளீர் சுற்றத்தீரே! கன்னடத்தில் சென்ன என்றால் அழகு! சென்னகேசவப் பெருமாளின் திருநாமத்தில் விளங்குவதும் அதுவே! தலைமுறை தலைமுறையாக நம் குலத்தின் பேரழகர்களே தாங்கிவந்த பெயர் இது!"

சபை அவன் முகத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு அடக்கமாகப் பந்திப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"சரிங்க மாமா, உங்க பேரையே வெச்சிருங்க, சோறு ஆறுது" என்று பிரியங்கா வில்லைக் கீழே போட்டாள். குழந்தையின் செவியில் தன் பெயரை மும்முறை ஓதி, வாகை சூடி, வடை பாயசத்தோடு உண்டெழுந்தான் வேந்தன்.

மறுநாள் காலை குழந்தை வீறிட்டது. நாயகன் காதைத் தீட்டிக்கொண்டான். மருமகள் ஓடிவந்து வாயைத் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள்.

"பேரச் சொல்லிக் கூப்பிடும்மா!"

"அய்யய்யோ, மாமா பேர நான் எப்படிங்க வாயால சொல்றது? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சுப்புடும்!"

மகனை நோக்கினான். "அப்பா பேரச் சொல்லி 'டேய்'னு எப்படிப்பா கூப்பிடறது?" என்று அவன் தலையைச் சொறிந்தான். குள்ளம்மாளோ தாலி ஏறிய நாள்முதல் கணவன் பெயரை உச்சரித்தறியாத உத்தமி. அவள் கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டினாள்.

வென்ற கோட்டைக்குள் வெறும் கிலுகிலுப்பைச் சத்தம்! மனம் பொறாத மாவீரன் முற்றத்தில் இறங்கி, எட்டுத் திக்கும் அதிர, தென்னையில் இருந்த காகங்கள் சிதறிப் பறக்க, "சென்னப்பா! சென்னப்பா!" என்று தானே முழங்கினான். பக்கத்து வீட்டு ராமக்காள் பதறி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, ஒடம்புக்கு ஏதும் முடியலீங்களா?"

இப்போது பேரனை எல்லோரும் புஜ்ஜி என்றுதான் கூப்பிடுகிறோம்.