ஓவசியர் கட்டிய தரை

கட்டியதற்காக இல்லாமல், இடித்ததற்காகப் பெயர் வாங்கிய ஓவசியர் இந்தத் தீவிலேயே ஒருவர்தான். அறுபதுகளில் மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த நான், வாவிக்கரையில் அவர் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன்.

கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் மெதடிஸ்த வேதக்காரர். மனைவி தங்கம்மா கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சைவம். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் ஞாயிறு தேவாலயத்துக்கும் இவர் வெள்ளி கோயிலுக்கும் தனித்தனியே போய் வந்தார்கள். சண்டை ஒன்றும் கிடையாது. ஆனால் கடவுளுக்கு முன்னால் பெண்சாதியின் பக்கத்தில் ஒருநாளாவது உட்கார வேண்டும் என்பது ஓவசியரின் தீராத ஆசை. எனக்கு மட்டும் சொன்னார். ஊருக்குச் சொல்ல வெட்கம். அதனால், எல்லாச் சமயத்தவரும் கும்பிட வீட்டு வளவின் கரையோரத்தில் பொது மண்டபம் கட்டப்போவதாக அறிவித்துவிட்டார்.

"மண்டபம் என்னத்துக்குங்க? எனக்குக் கோயில் இரிக்கி," என்றார் தங்கம்மா.

மண்டபம் எழும்பியது. வாசல் மேற்கே. புடவைக்கடை முஸ்லிம் காக்கா வந்து பார்த்தார்.

"வடிவா இரிக்கி ஓவசியர். ஆனா நாங்க மேற்கப் பார்த்தெல்லுவா தொழுற? முன்னுக்கு வாசல வெச்சா ஆக்கள் குறுக்கால நடப்பாங்களே!"

மேற்கை அடைத்துத் தெற்கைத் திறந்தார். கோயில் ஐயர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தெற்கு எமன்ட திசை. அதால எப்பிடி உள்ளுக்கு வாற?"

கிழக்கு திறந்தது. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க ரீச்சர் கன்னத்தில் கைவைத்தார்.

"பீடம் வைக்கிற பக்கத்திலயா வாசல்?"

மிஞ்சியது வடக்கு. அந்தப் பக்கம் வாவி. அங்கே வாசல் வைத்தால் மீன்தான் கும்பிட வரும். ஓவசியர் அலவாங்கை எடுத்தார். நாலு சுவரும் தரைமட்டம்.

"இனி எந்தப் பக்கத்தால எண்டாலும் வாங்க!" என்று தூண்களுக்கு நடுவில் நின்று கத்தினார். தெருநாய்கள் வந்தன.

மாரிக்காற்று தூண்களைச் சாய்த்துக் கிடுகுக் கூரையைத் தூக்கி வாவியில் போட்டது. அது மெல்ல மெல்ல மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கடவுள் ஆரோ ஒருத்தர் வந்துட்டுப் போயிட்டார் தம்பி," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பாவமாகவும் இருந்தது. அன்று சாய்மனைக் கதிரையில் விழுந்தவர் பிறகு நாள் முழுக்க அதிலேயே கிடந்தார்.

அறுவடை முடிந்தது. எஞ்சிக் கிடந்த வழவழப்பான சீமெந்துத் தரையில் தங்கம்மா புழுங்கல் நெல்லைக் காயப்போட்டார். மறுநாள் காக்காவின் மனைவியும் ஒரு சாக்கு நெல்லோடு வந்தார். ரீச்சர் செத்தல் மிளகாயோடு வந்தார். எந்தப் பக்கத்தால் ஏறுவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு பின்னேரம், பெண்கள் மூவரும் தரையில் இருந்தார்கள். வாவி அசையாமல் கிடந்தது. கரை எது தண்ணீர் எது என்று தெரியாத வெளிச்சம். ரீச்சர் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். தங்கம்மா வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இஞ்சேருங்க, சும்மா கதிரையில கிடக்காம வந்து இதில இரிங்க. காகம் வருது."

ஓவசியர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீரின் மேலால் தொழுகை அழைப்பு மிதந்து வந்தது. காக்காவின் மனைவி முக்காட்டை இழுத்து வாய்க்குள் எதையோ சொன்னார். அது அடங்கியதும் கோயில் மணி. தங்கம்மா இருந்த இடத்திலேயே கைகூப்பிக் கண்ணை மூடினார். ஓவசியர் அவரை ஒருதரம் பார்த்தார். பிறகு தானும் தலையைக் குனிந்தார்.

காகம் ஒன்று இறங்கி நெல்லைக் கொத்தத் தொடங்கியது. முன்னறை யன்னலில் நின்ற நான் கையை ஓங்கினேன். பிறகு, அவர்கள் கண்ணைத் திறக்கும்வரை தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.