ஆமைக்கும் மூக்குத்திப் பூவுக்கும் நடுவில் நான்

அன்புள்ள மச்சினிக்கு,

நீயும் சகலையும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவுகட்டி எழுதுகிறேன். முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன்னைக் கடல் ஆமை என்று சொல்லிவிட்டேன். அதுவும் உன் அக்காவிடம்.

நடந்தது இதுதான். கண்காட்சிக் கூடத்துக்கு இரண்டு பலகை எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்று மூக்குத்திப் பூவுக்கு: 'எங்கும் முளைக்கும். மிதித்தாலும் நிமிரும். யாரும் கவனிப்பதில்லை.' மற்றது கடல் ஆமைக்கு: 'அழியும் நிலையில் உள்ளது. கரைக்கு அரிதாகவே வரும். வந்தால் விளக்கணைத்து, ஓசையின்றி வழிவிடவும்.' சாப்பாட்டு டப்பாவோடு பட்டறைக்கு வந்தாள் உன் அக்கா. இருபத்தாறு வருஷமாக ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லையே என்று தோன்றியதோ, பெயிண்ட் வாசனை தலைக்கேறியதோ, "நீகூட இந்த மூக்குத்திப் பூ மாதிரிதான்" என்றேன். அவள் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். "அப்போ ஆமை யாரு?" என்று குரலே எழும்பாமல் கேட்டாள். அங்கேயே வாயை மூடியிருந்தால் நான் மனுஷன். நீ வரும் நாட்களில் வீடே டிவியை அணைத்துவிட்டுப் பூனை நடை நடப்பது அப்போது பார்த்துத்தானா ஞாபகத்துக்கு வர வேண்டும்? "உன் தங்கச்சிதான்" என்றேன். டப்பாவை வைத்துவிட்டுப் போனவள்தான். இன்றோடு ஆறு நாள், ஒரு சொல் இல்லை.

வெந்நீரை மடக்கு மடக்காக, என்னையே பார்த்தபடி விழுங்குகிறாள். கோபத்தைத்தான் விழுங்குகிறாள் என்று புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. செவ்வாய்க்கிழமை நீ போன் செய்தாயே, அதை அப்படியே என்னிடம் நீட்டினாள், நான் அக்கா குளிக்கிறாள் என்றேன், குளிக்கவும் இல்லை ஒன்றும் இல்லை, எதிரில்தான் நின்றாள். மூக்குத்திப் பூவையே ஒரு கொத்து பறித்துக்கொண்டு போனேன். வாங்கி டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தாள், பேசவில்லை. அவள் திட்டாத வீட்டில் என் கண்ணாடிகூட என் கைக்கு அகப்படுவதில்லை, தெரியுமா? சரி, எழுதின கையே மாற்றட்டும் என்று பூவுக்கும் 'அழியும் நிலையில் உள்ளது' என்று எழுதிவிட்டேன். கூடத்து மேலாளர் பார்த்துவிட்டு, "ரெண்டுமே அழியுதுன்னா நான் எதைய்யா ஒப்பிட்டுக் காட்டுறது?" என்றார். வீட்டு நிலவரத்தைச் சொன்னேன். பூவின் பலகையை விரலால் தட்டினார். "பழையபடியே எழுதுங்க. அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாய் அல்லவா, வந்ததும் அவளிடம் அத்தானுக்காக ஒரு வார்த்தை சொல். அவள் என்னோடு கொஞ்ச வேண்டாம், திட்டினால் போதும்.

சகலைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உனக்கு நீண்ட ஆயுள். இதில் உள்ளர்த்தம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
வாயால் கெட்ட உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் முன் தண்ணீர் குடிக்கப் போனேன். ஃப்ரிட்ஜ் கதவில், சரியாக என் கண் உயரத்தில், உன் அக்கா பேருக்கு ஒரு டாக்டர் சீட்டு காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. 'தொண்டையில் புண். பத்து நாள் பேசக் கூடாது. வெந்நீர் மட்டும்.' தேதி, நான் பட்டறையில் வாயைத் திறந்த அன்று மாலை. ஆறு நாளாக நான் திறந்து மூடும் கதவு அது.