நாலு புள்ளி முத்திரை

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ஆபீஸ் இருந்ததாம். அந்த ஆபீசில் முப்பத்தாறு நாற்காலி இருந்ததாம். அதில் ஜன்னலோரத்து நாற்காலியில் இருபத்திரண்டு வருஷமாக ஒருவர் உட்கார்ந்திருந்தாராம். உட்கார்ந்து என்ன செய்தார் என்றால், ஊரார் எழுதும் புகார்களுக்கெல்லாம் பதில் எழுதினார். தண்ணீர் வரவில்லை என்று எழுதினால் 'ஆவன செய்யப்படும்' என்பார். தண்ணீர் வந்து வீடே மூழ்கிவிட்டது என்று எழுதினாலும் 'ஆவன செய்யப்படும்'தான். அவர் பதிலைப் படித்தவர்கள் கோபப்படவும் மாட்டார்கள், சந்தோஷப்படவும் மாட்டார்கள். மடித்து வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அப்படி ஒரு கை அவருக்கு. ஆபீசில் அவரைப் பதிலய்யா என்றே கூப்பிட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட பதிலய்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல் தேய்த்து முடித்த கையோடு, வேலையை விட்டுவிட்டு டிவியில் சமையல்காரராவது என்று முடிவு செய்தார்.

காரணம் இரண்டு. ஒன்று, டிவியில் சமைக்கிறவன். அவன் வெங்காயம் நறுக்குவதில்லை. நறுக்கிய வெங்காயம் கண்ணாடிக் கிண்ணத்தில் வந்து காத்திருக்கும். எடுத்துக் கொட்டுவான். கிளறுவான். கடைசியில் ஒரு கரண்டியை வாயில் வைத்து, கண்ணை மூடி, 'ம்' என்பான். நாம் பக்கம் பக்கமாக எழுதித் தேய்கிறோம், இவன் ஒரே எழுத்தில் பிழைக்கிறானே என்று பதிலய்யாவுக்குத் தோன்றியது.

இன்னொரு காரணம், அவர் மனைவி. போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு, 'பரவாயில்லை' என்றாள். காய்ச்சலில் நாக்கு செத்துக் கிடந்தவள் சொன்ன சொல். ஆனால் இருபத்திரண்டு வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் அந்த அளவுக்குக்கூட அவரை யாரும் புகழ்ந்ததில்லை.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். முன்னறை முழுக்கத் துணி. அந்த வாரம்தான் ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தமும் அவள் கைக்கு வந்திருந்தது. முந்நூறு சட்டை, மூன்று மாதம். நாலு வருஷம் நடையாய் நடந்து பிடித்த வேலை. கழுத்தில் அளவு நாடா தொங்க, மெஷினில் குனிந்திருந்தாள்.

"இந்தாம்மா, நான் வேலையை விடப்போறேன்."

"பல் தேய்ச்சீங்களா?"

"தேய்ச்சாச்சு. டிவியில சமைக்கப் போறேன்."

மெஷின் நின்றது. "எந்த டிவியில?"

"இதோ, இந்த டிவியிலதான்."

"அது மேல தூசியா இருக்கு. துடைச்சுட்டுச் சமைங்க."

"கிண்டல் பண்ணாதே. இத்தனை வருஷம் தாள். இனிமே தாளிப்பு. ஆபீஸ்லயும் குறிப்புதான் எழுதினேன், அடுப்படியிலயும் குறிப்புதான். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஆபீஸ் குறிப்பைச் சாப்பிட வேண்டியதில்லை."

பதிலய்யா சட்டைப்பையிலிருந்து ராஜினாமா கடிதத்தை எடுத்து நீட்டினார். மூன்று தடவை திருத்தி எழுதியது. தேதி மட்டும் பாக்கி.

அவள் வாங்கிப் படித்தாள். தையல் வேலை மழை மாதிரி, பெய்தால் உண்டு. மாதம் பிறந்தால் தவறாமல் அந்த வீட்டுப் படியேறுவது அவர் சம்பளம் ஒன்றுதான். அது நின்றால் வீடு ஒற்றைக் காலில் நிற்க வேண்டியதுதான். ஆனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. புதிதாகக் கல்யாணமான நாளில், 'ஏணி ஆடுது, ஏறாதீங்க' என்றாள். உடனே ஏறினார். அடுத்த வீட்டுப் பல் டாக்டர் அவர்களுக்குப் பழக்கமானது அப்படித்தான்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள். "ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? முதல்ல டிவிக்காரங்களுக்கு ஒரு விண்ணப்பம் போடுங்க. அங்கேருந்து பதில் வரட்டும். வந்தப்புறம் இங்க தேதி போட்டுக்கலாம்."

முறை என்ற சொல் பதிலய்யாவை அப்படியே உட்கார வைத்தது. மத்தியானத்துக்குள் விண்ணப்பம் தயாராகிவிட்டது, இரண்டு இணைப்புகளோடு. "நூல் வாங்கப் போறேன், அப்படியே தபால்ல போட்டுடறேன்" என்று அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

பத்தாம் நாள் பதில் வந்தது. டைப் அடித்த கடிதம். பதிலய்யா நின்றபடியே உரக்கப் படித்தார்.

'தங்கள் விண்ணப்பம் கிடைக்கப்பெற்றது. மேற்படி பொருள் தொடர்பாகத் தெரிவிக்கப்படுவது யாதெனில், தாங்கள் முதற்கட்டத் தேர்வுக்குத் தகுதி பெற்றுள்ளீர்கள். நேர்முகத்துக்கு முன்பாகத் தொண்ணூறு நாட்கள் சொந்த வீட்டில் சமைத்து, குடும்பத் தலைவியிடம் நாள்தோறும் கையொப்பம் பெறுதல் வேண்டும். இக்காலத்தில் தற்போதைய பணியை விட்டு விலகுவோர் பொறுமையற்றவராகக் கருதப்பட்டு நிராகரிக்கப்படுவர். பாத்திரம் கழுவுதல் சமையலின் பிரிக்க முடியாத பகுதியாகும். சமையலறைச் சத்தம் வீட்டில் நடைபெறும் பிற தொழில்களுக்கு இடையூறாக இருத்தல் கூடாது.'

கீழே வட்டமாக ஒரு முத்திரை. நடுவில் நாலு புள்ளி.

பதிலய்யா உருகிவிட்டார். "என்ன நடை பாத்தியா. 'யாதெனில்' எங்க விழணுமோ அங்க விழுந்திருக்கு. இதெல்லாம் இப்ப யாருக்கு வருது?"

"அது என்னங்க, நாலு புள்ளி?"

"நாலு திசைக்கும் ஒளிபரப்புன்னு அர்த்தம்."

"அப்படியா" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள் அவள்.

மறுநாள் விடியும்போது பதிலய்யா அடுப்படியில் இருந்தார். ஆபீசில் அவர் கருத்துரு தயாரிப்பதில் மன்னர். அடுப்பில் வைத்ததெல்லாமும் கருத்த உருவாகவே வந்தது. உருளைக்கிழங்கு வெளியே கரி, உள்ளே கல். சோறு ஒரு பக்கம் கஞ்சி, ஒரு பக்கம் அரிசி.

"உப்பு எவ்வளவு போட்டீங்க?"

"தேவையான அளவுன்னு புத்தகத்துல போட்டிருக்கு."

"யாருக்குத் தேவையான அளவு?"

"அது குறிப்பிடப்படவில்லை."

சாப்பிட்டுவிட்டு அவள் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்துக்கு மேலே, 'திருத்தி மறுபடி சமர்ப்பிக்கவும்' என்று ஒரு வரியும் எழுதினாள். பதிலய்யா பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஆபீசுக்கு ஓடினார். அங்கே போய் நாற்காலியில் சாய்ந்தால்தான் மூச்சு வந்தது.

முப்பதாம் நாள் ரொட்டி சுட்டார். சுவருக்கு மேலாகப் பல் டாக்டருக்கு இரண்டு கொடுத்தார்.

"எப்படி டாக்டர்?"

டாக்டர் ஒரு வாய் கடித்து மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பேசக்கூடிய நிலையில் வாய் இல்லை.

"எனக்கு நல்லது சார்."

"உடம்புக்கா?"

"தொழிலுக்கு. நீங்க தெரு முழுக்கக் குடுங்க."

சொன்னால் நம்பமாட்டீர்கள், அறுபதாம் நாள் வாக்கில் கை படிந்துவிட்டது. வெங்காயம் எப்போது சிவக்கும் என்பது மூக்குக்குத் தெரிந்தது. உப்பு டப்பாவுக்குள் போகும் விரல் தானாகவே நின்றது. முட்டையில் ஆரம்பித்தவர் கீரை, பருப்பு, மீன் என்று போய்க்கொண்டே இருந்தார். அவள் வரி எழுதுவதை நிறுத்தி, வெறும் கையெழுத்து மட்டும் போட ஆரம்பித்தாள். எண்பத்தெட்டாம் நாள் முந்நூறாவது சட்டைக்குப் பித்தான் வைத்து முடித்தாள். தொண்ணூறாம் நாள் பதிலய்யா தொண்ணூறு கையெழுத்தையும் கோப்பில் கட்டி, அரைநாள் லீவு போட்டு, டிவி நிலையத்துக்குப் போனார்.

அங்கே சமையல் நிகழ்ச்சிக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு சின்ன அறையில் இருந்தார். அறையில் மேஜை இருந்த இடம் போக மிச்சமெல்லாம் கடித மூட்டைகள். பதிலய்யா நீட்டிய கடிதத்தை அவர் ஒரு முறை படித்தார். இன்னொரு முறை படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"சார், இது நாங்க அனுப்பினது இல்லை."

"முத்திரை இருக்கே."

அதிகாரி கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "இது சட்டை பித்தான் சார். மையில முக்கி வச்சிருக்காங்க. பாருங்க, நாலு ஓட்டை."

பதிலய்யா பார்த்தார். மூன்று மாதமாகத் தினமும் காலையில் கூட்டித் தள்ளிய பித்தான். சீருடைச் சட்டைக்கு வைப்பது. கோப்பைக் கட்ட ஆரம்பித்தார்.

"இருங்க சார். இதை எழுதினது யாரு?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இந்த மூட்டையெல்லாம் பாருங்க. டிவியில சமைக்கணும்னு எழுதறவங்க. பதில் போடலைன்னா நேர்ல வந்து சண்டை. முடியாதுன்னு பதில் போட்டாலும் சண்டை. போன வாரம் ஒருத்தர் பானையோட வந்து வாசல்ல உக்காந்துட்டார். இந்த லெட்டர் ஒரு மனுஷனைத் தொண்ணூறு நாள் வீட்டுலயே வச்சிருக்கு. அதுவும் சந்தோஷமா. இப்படி எழுதற ஆளைத்தான் நாங்க தேடிக்கிட்டிருக்கோம்."

"அப்ப என் சமையல்?"

"விண்ணப்பம் போடுங்க சார். பரிசீலிப்போம்."

"ஆளை... விசாரிச்சுச் சொல்றேன்" என்று பதிலய்யா எழுந்தார்.

"வேண்டாம் சார், கோப்பு மேலேயே முகவரி இருக்கு, உள்ள கையெழுத்துப் போட்டவங்க பேரும் இருக்கு" என்று அதிகாரி குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கடிதத்தை மெஷின் மேல் வைத்தார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"நீயா?"

"ஏன், பிழை ஏதாவது இருந்துச்சா?"

பதிலய்யா யோசித்துப் பார்த்தார். "இல்லை."

"அப்புறம் என்ன? உங்க ஆபீஸ் பழைய தாளைத்தானே இருபது வருஷமா அளவு வெட்ட வச்சிருக்கேன். கழுத்து வெட்டும்போது 'மேற்படி பொருள் தொடர்பாக'. கை வெட்டும்போது 'யாதெனில்'. படிக்காமலா இருப்பேன்? டைப் மட்டும் கடையில அடிச்சேன்."

"என் விண்ணப்பம்?"

"பத்திரமா துணிக்கு அடியில இருக்கு."

"வேண்டாம்னு நேரா சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அன்னைக்கே தேதி போட்டிருப்பீங்க." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு உங்க வேலையும் வேணும், என் முந்நூறு சட்டையும் வேணும். ரெண்டுக்கும் நடுவுல அடுப்பு ஒண்ணு நின்னுச்சு. நான் என்ன பண்றது? சமையல் நல்லாத்தான் வந்திருக்கு. இன்னைக்கு என்ன?"

பதிலய்யா கோபமாக அடுப்படிக்குப் போனார். போன பிறகுதான், கோபித்துக்கொண்டு எங்கே போயிருக்கிறோம் என்று தெரிந்தது. போனது போனோம் என்று பருப்பை வேகவைத்தார். அதிகாரி கேட்டதை மட்டும் சொல்லவில்லை. ஒரு ரகசியமாவது தன் பக்கம் இருக்கட்டும் என்று நினைத்தார்.

அந்த ரகசியம் வியாழக்கிழமை வரை இருந்தது. வியாழக்கிழமை நிஜமான முத்திரையோடு உறை வந்தது. பெயர் அவள் பெயர். பார்வையாளர் கடிதப் பிரிவு, திங்கட்கிழமை முதல், காலை எட்டரை மணி. அவள் படித்துவிட்டு, உடுத்திப் போவதற்கு நல்லதாக என்ன இருக்கிறது என்று அலமாரியைத் திறந்தாள். ஊருக்கெல்லாம் தைத்தவளுக்குத் தனக்கென்று தைத்தது இரண்டுதான் இருந்தது.

பதிலய்யா கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார். அவருக்கு ஒன்று பளிச்சென்று உதித்தது.

"உனக்கு மாசச் சம்பளம் வந்தாச்சு. இப்ப நான் தாராளமா வேலையை விடலாமே."

"விடுங்களேன். மத்தியானமும் சூடா சாப்பிடலாம். நான் வரும்போது சாயங்காலத்துக்கும் ஏதாவது செஞ்சு வச்சிருப்பீங்க. டாக்டர் வீட்டு அம்மாகூடக் கேட்டுக்கிட்டே இருக்காங்க, நீங்க வீட்டோட இருந்தா அவங்களுக்கும் சேர்த்து ஒரு பிடி போடச் சொல்லி."

பதிலய்யா தன் ஜன்னலோரத்து நாற்காலியை நினைத்துக்கொண்டார். அங்கே யார் எதைக் கேட்டாலும் காத்திருங்கள் என்று சொல்லலாம். பசியிடம் அப்படிச் சொல்ல முடியாது. ராஜினாமா கடிதத்தை எடுத்து நாலாக மடித்து, சூடான பாத்திரத்துக்கு அடியில் வைத்தார். நன்றாகச் சூடு தாங்கியது.

ஆனாலும் 'ம்' என்ற அந்த ஒரு எழுத்து அவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து புதிதாக ஒரு விண்ணப்பம் எழுதினார். தொண்ணூறு கையெழுத்தும் இணைப்பு. இப்போது உண்மையாகவே சமைக்கத் தெரியும். அதனால் பொய்யாக ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவள் செருப்பு மாட்டினாள். தோளில் பை. பையில் அவர் கட்டிக்கொடுத்த சாப்பாடு. பதிலய்யா கரண்டியோடு வாசலுக்கு வந்து உறையை நீட்டினார்.

"இந்தாம்மா, போறது போற. இதை அப்படியே அங்க குடுத்துடு."

அவள் உறையைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"நேர்ல வாங்கறதில்லைங்க. தபால்ல அனுப்புங்க. பரிசீலிச்சுச் சொல்லுவோம்."

"சொல்லுவோமா?"

"ஆமா. சொல்லுவோம். பால் பொங்குது பாருங்க."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். தபால்பெட்டி அவள் போகிற வழியில்தான் இருந்தது. அதையும் தாண்டிப் போய்விட்டாள்.